மலைநாட்டுப் பழைய கார்களும் பின்புற ஸ்பிரிங்குகளும்

பழைய மோட்டார் காரொன்றின் பின்புற ஸ்பிரிங் முறிந்துவிட்டால், அதற்குப் பதிலாகப் புதியதை வாங்குவதா, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பாவித்த சாமானை வாங்குவதா, முறிந்ததையே பட்டறையில் கொடுத்துப் புதுக்கிக்கொள்வதா என்ற பிரச்சினை, செல்வம் கொழிக்கும் தேசங்களில் பொழுதுபோக்குக்காகப் பழங்கார் பேணுபவர்களின் விவாத விஷயமாக இருக்கலாம். ஆனால் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா முதலிய தேயிலைப் பிரதேசங்களில், மறுநாட் காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் எப்படிக் கொண்டுசெல்வது என்ற கவலையோடு பிணைந்துவரும் பிரச்சினை அது. எஞ்சினைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள் இங்கே அநேகர். பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் உண்டு. வண்டியின் பின்பாரத்தைத் தாங்கி, பின் அச்சைத் தன் ஸ்தானத்தில் நிறுத்திவைக்கும் உறுப்புகளைப் பற்றி, அவை ஒரு நாள் ‘டக்’ என்று முறிந்து சாயும் வரையில் நினைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இந்த மலைகளில் இத்தனை பழைய கார்கள் எப்படி வந்து தங்கின என்பதை அறிந்துகொண்டால், புதுக்கிய சாமானுக்கு இங்கே ஏன் இவ்வளவு மதிப்பு என்பதும் விளங்கும். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான மொரிஸ் மைனரும், அதன் காலத்தவையான ஒஸ்டின், ஹில்மன், ஃபோர்ட் வகைகளும், ஜெர்மனியிலிருந்து வந்த வொக்ஸ்வாகனும் 1950களில் துரைமார் பங்களாக்களின் கராஜுகளிலும், தோட்டத்து டாக்டர்மாரின் முற்றங்களிலும், ஹட்டன் கடைவீதி வர்த்தகர்களின் வாசல்களிலும் வந்து நின்றன. தேயிலை மலைகளின் உட்பாதைகளில் ஏறி இறங்குவதற்கென்று லேண்ட் ரோவர்களும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, அன்று தீவில் இருந்த கார்களே இனி இருக்கப்போகும் கார்கள் என்ற நிலைமை ஏற்பட்டது. 1968இல் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை புகுத்தப்பட்டதும், கப்பலில் வரும் ஒரு சிறு இரும்புத் துண்டும் முன்னிலும் அதிக விலைக்கு விற்றது. பின்பு 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் வந்து, எஞ்சியிருந்த ஆங்கிலேயத் துரைமார்கள் தாயகம் திரும்பியபோது, அவர்களுடைய கார்கள் மட்டும் திரும்பவில்லை. பெரிய கிளார்க்குகளும் ஆசிரியர்களும் கடை முதலாளிமாரும் அவற்றை வாங்கிக்கொண்டார்கள்.

1977ஆம் ஆண்டின் இறுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, ஜப்பானியப் பழைய கார்கள் ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரோடு வெள்ளமாக வந்து இறங்கியதும், ஆங்கிலக் கார்களின் காலம் முடிந்தது என்றே பலர் கருதினர். அவ்வாறு முடியவில்லை என்பதற்கு ஹட்டன் வீதிகளே சாட்சி. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில், நேற்றுவரை ஜப்பானியக் கார் என்று பெருமையோடு நின்ற கொரோலாவும் சன்னியும் லான்ஸரும் தாமும் பழங்கார் வரிசையில் சேர்ந்து, அவற்றுக்கும் பாவித்த சாமான் தேடி அலைய வேண்டிய காலம் வந்தது. இடையில் ஒரு விசித்திரமும் நிகழ்ந்தது: இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர்களைப் புதுக்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட சார்ல்ஸ் வேர் என்பவருடைய முயற்சியின் பயனாக, 1990களில் இலங்கையிலேயே மொரிஸ் மைனருக்கான உறுப்புகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. ஒரு காலத்தில் அங்கிருந்து ஒரு புஷ் வருவதற்குத் தவம் கிடந்த தேசம், அந்தக் காரைச் செய்தவர்களுக்கே சாமான் அனுப்பியதென்றால், பற்றாக்குறை கற்பித்த கைத்தொழில் சாமானியமானதன்று.

இனி மலைப்பாதையைக் கவனிப்போம். ஏற்றத்தில் ஏறும்போது பாரம் முழுவதும் பின்னுக்குச் சாய்வதாலேயே மலைநாட்டில் பின் ஸ்பிரிங்குகள் விரைவில் கெடுகின்றன என்பது இப்பக்கத்துச் சாரதிகள் எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லும் அபிப்பிராயம். கணக்கு அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. மொரிஸ் மைனரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் 86 அங்குலம். அதன் பாரமையம் நிலத்திலிருந்து அதில் ஏறத்தாழக் கால்பங்கு உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் பின்னுக்கு மாறும் பாரம் மொத்த எடையில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள வண்டியில் அது 25 கிலோ; பின் ஆசனத்தில் ஒரு சிறுவன் கூடுதலாக ஏறியதற்கு மேல் ஒன்றுமில்லை. அதே வண்டி இறக்கத்திலோ சமதரையிலோ சற்றே பலமாகப் பிரேக் பிடிக்கும்போது, புவியீர்ப்பில் பத்தில் நாலு பங்கு வேகத் தளர்ச்சியென்று வைத்துக்கொண்டால், பின்னிருந்து முன்னுக்குப் போகும் பாரம் 100 கிலோ. இலேசாகிவிட்ட பின் சக்கரம் குழியில் விழுந்து துள்ளும்போது அதை அடக்க வேண்டியது ஷொக் அப்சோபர். ஆகவே ஏற்றத்தில் ஸ்பிரிங்குக்கு வரும் சோதனையை விட, இறக்கத்தில் ஷொக் அப்சோபருக்கு வரும் சோதனை பெரிது; ஆயினும் நம்மவர்கள் ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியையும் ஷொக் அப்சோபருக்குக் கொடுக்க மனம் ஒப்புவதில்லை.

ஸ்பிரிங்கை உண்மையில் கெடுப்பவை மூன்று. ஒன்று, தோட்டத்து உட்பாதைகளின் கருங்கல்லும் குழியும். இரண்டாவது, பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு உர மூட்டையும் மரக்கறிக் கூடையும் ஏற்றுகிற வழக்கம். மூன்றாவது மழை, இத்தீவில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளையும் அதையடுத்த கினிகத்தேனையும் ஹட்டனுக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றன. நீரும் சேறும் ஸ்பிரிங்கின் எஃகுப் பட்டைகளுக்கிடையில் புகுந்து துருவாகி, அத்துரு உண்டாக்கிய நுண்ணிய பள்ளங்களிலேதான் பின்னாளில் வெடிப்புத் தொடங்குகிறது. சிவனொளிபாத மலை யாத்திரைக் காலமான மார்கழிக்கும் வைகாசிக்கும் இடைப்பட்ட மாதங்களில், ஐவர் ஏறும் காரில் எண்மர் ஏறி மஸ்கெலியா வழியாகச் செல்வதைக் காண்பவர்களுக்கு, நான்காவது காரணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளத் தோன்றும்.

பாவித்த சாமான் என்பது ஒரே இனமானதன்று. இதே தீவில் ஓடி, விபத்தாலோ வயதாலோ உடைக்கப்பட்ட கார்களிலிருந்து கழற்றியது ஒரு வகை. ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டியைப் பாதியாக வெட்டிக் கொள்கலத்தில் கொண்டுவந்து, இங்கே பிரித்து விற்பது இன்னொரு வகை. ஜப்பானில் புதிய கார் மூன்றாண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கொரு முறையும் அரசாங்கப் பரீட்சைக்கு உட்பட வேண்டியிருப்பதால், அதற்காகும் செலவை விரும்பாதவர்கள் நல்ல நிலையிலுள்ள வண்டிகளையும் கழித்துவிடுகிறார்கள்; எனவே அங்கிருந்து வரும் சாமான் பொதுவாகக் குறைந்த தேய்மானமுடையது என்பது மெய்யே. ஆனால் பனி உறையும் வடஜப்பானில் வீதிகளில் உப்புத் தூவப்படுகிறது என்பதையும், அந்த உப்பு அடித்தட்டின் இரும்பை அரித்துவிடுகிறது என்பதையும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்த வியாபாரியும் தானாக முன்வந்து சொல்லமாட்டார். இவ்விரண்டுக்கும் அப்பால், கடைக்காரர் ஒருவரின் பரணில் முப்பது வருஷம் எண்ணெய்க் காகிதத்துக்குள் உறங்கிய பழைய புதுச் சாமான் எப்பொழுதாவது வெளிப்படுவதுண்டு. அது கிடைப்பது அதிர்ஷ்டம், அதில் இரும்பு மட்டும் நம்பத்தக்கது, ரப்பர் அங்கேயே மரித்திருக்கும்.

பஞ்சிகாவத்தையின் குறுகிய கடைகளில், கூரையிலிருந்து ஸ்டீயரிங் வளையங்கள் தொங்க, வாசலில் அச்சுக் குழாய்கள் சாத்தியிருக்க, உள்ளே கும்பல் கும்பலாகக் கிடக்கும் ஸ்பிரிங்குகள் யாவும் ஒரே கறுப்பு நிறமாக மினுங்குவதைக் காண்கிறோம். அந்தக் கறுப்புப் பூச்சே வாங்குபவனுக்கு முதற் சத்துரு. துருப் பள்ளம், பழைய வெல்டிங், மயிரிழை வெடிப்பு ஆகிய மூன்றையும் அது சமமாக மூடிவிடுகிறது. பூசப்படாமல் அழுக்கோடு கிடக்கும் ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குவதே விவேகம். “இதைக் கழுவிப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் ஐயா” என்று கடைக்காரர் மரியாதையாகச் சொன்னாலும், “வேண்டாம் முதலாளி, இப்படியே தாருங்கள்” என்று சொல்லிவிட வேண்டும்.

பட்டை ஸ்பிரிங்கைப் பரீட்சிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லலாம். ஏனெனில் மொரிஸ் மைனர், லேண்ட் ரோவர், பழைய கொரோலா ஆகியவற்றிலிருந்து சிறு லொறிகள் வரையில் இங்கே பின்பாரத்தைத் தாங்குவது அதுவே. முதலில் கண்ணால் பார்க்க வேண்டிய இடம் நடுப்பகுதி. எல்லாப் பட்டைகளையும் ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்டுக்காக ஒவ்வொரு பட்டையிலும் துளையிடப்பட்டிருக்கிறது. அத்துளை பட்டையின் அகலத்தைக் குறைப்பதாலும், வளைவின் பலம் அவ்விடத்தில் உச்சமாக இருப்பதாலும், ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்டுகள் தளர்ந்த வண்டியில் வெடிப்பு அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. அடுத்தது, முதற் பட்டையின் இரு நுனிகளிலும் சுருட்டப்பட்ட வளையம். அதன் உட்பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், எந்தப் புஷ்ஷும் அதில் நிலைக்காது. மூன்றாவது, ஒரு பட்டையின் நுனி அடுத்த பட்டையின் மேல் உராயும் இடம். அங்கே விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும், அப்பள்ளம் நகம் மறையும் ஆழமுள்ளதாக இருந்தால் அந்தப் பட்டை முடிந்துவிட்டது.

கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பைக் கண்டுபிடிக்க ஹட்டன் பக்கத்துப் பழைய மெக்கானிக் பாஸ்மார் கையாளும் உபாயம் எளிமையானது, சாஸ்திர ரீதியாகவும் சரியானது. பட்டைகளைப் பிரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பின்பு துணியால் முற்றும் துடைத்து உலரவிட்டு, பாடசாலை வெண்கட்டியைத் தூளாக்கி மேலே பூசுகிறார்கள். சற்று நேரம் காத்திருந்து, மறுமுனையில் ஒரு சுத்தியலால் மெல்லத் தட்டினால், வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து வெளிப்பட்டு, வெள்ளைத் தூளின் மேல் சாம்பல் நிறமான மெல்லிய கோடாகப் படர்கிறது. அந்தக் கோடு பட்டையின் நீளத்தில் சென்றால் சில வேளை மன்னிக்கலாம். குறுக்கே சென்றால் அப்பட்டை கவ்வாத்துக் கத்தி அடிப்பதற்கு மட்டுமே பிரயோஜனப்படும். மலைநாட்டுக் கொல்லர்கள் ஸ்பிரிங் பட்டையில் அடிக்கும் கத்திக்குத் தனி மரியாதை உண்டு என்பதால், அந்தக் கழிவும் வீண்போவதில்லை.

வெடிப்பில்லாத ஸ்பிரிங்கும் அயர்ந்துபோயிருக்கலாம். வளையத்திலிருந்து வளையம்வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் நடுப் பட்டைக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளந்து, இரண்டு பக்க ஸ்பிரிங்குகளின் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்கு வழி. பல வருஷம் பெரும்பாலும் சாரதி ஒருவரையே சுமந்து ஓடிய வண்டியில் வலப்பக்கத்து ஸ்பிரிங் அதிகமாகத் தாழ்ந்திருப்பது சகஜம். லேண்ட் ரோவரில் இவ்வித்தியாசத்தை முன்கூட்டியே கருதி, சாரதி பக்கத்து ஸ்பிரிங்கைச் சற்று அதிக வளைவோடு வேறாகவே செய்தார்கள். இதை அறியாமல் இரு பக்கத்துக்கும் கையில் அகப்பட்டதைப் பூட்டிவிட்டு, வண்டி ஏன் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது என்று சேசிஸைக் குறைகூறியவர்கள் உண்டு.

புதுக்குவது என்பதற்கு இங்கே இரண்டு அர்த்தம் நடைமுறையில் இருக்கிறது. அவற்றின் பேதத்தை வாங்குபவன் நன்றாக உணர வேண்டும். அயர்ந்த பட்டையைப் பட்டடை மேல் வைத்துக் குளிர்ந்த நிலையிலேயே சுத்தியலால் அடித்து வளைவை மீட்பது ஒன்று. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், வண்டியும் கம்பீரமாக உயர்ந்து நிற்கும். ஆனால் சில மாதங்களுக்குள் பழைய நிலைக்கே தாழ்ந்துவிடும், சுத்தியல் பட்ட தழும்பு ஒவ்வொன்றும் நாளைய வெடிப்புக்கு வித்தாகவும் அமையும். மற்றது, பட்டையைச் செந்தணலில் ஏறக்குறைய 850 பாகை வெப்பத்துக்குக் கொண்டுவந்து வளைத்து, எண்ணெயில் தோய்த்து விறைப்பாக்கி, மறுபடியும் மிதமாக ஏறத்தாழ 450 பாகைக்குச் சூடேற்றி அந்த விறைப்பைத் தணிப்பது. தோய்த்ததோடு நிறுத்திவிட்டால் பட்டை கண்ணாடிபோல் உடையும். தணிப்பதை அதிகமாக்கிவிட்டால் தகரம்போல் மடங்கும். வெப்பமானி இல்லாத பட்டறையில், இரண்டாவது சூட்டின்போது காய்ந்த மரக்குச்சி ஒன்றைப் பட்டையின் மேல் இழுத்து, அது கருகிப் பொறி பறக்கும் தருணத்தைக் கொண்டே அளவை அறிகிறார்கள். 1875ஆம் ஆண்டிலேயே தோட்டங்களுக்கான பொறியியல் நிறுவனமாக பிரவுன் கம்பனி ஹட்டனில் தோன்றியது; தேயிலை ஸ்டோர்களின் உருளைகளையும் அச்சுகளையும் பழுதுபார்ப்பதற்காகத் தோட்டந்தோறும் பட்டறைகளும் எழுந்தன; அந்தப் பட்டறைகளில் பழகிய கைகளின் பரம்பரை இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. அவர்களில் ஒருவரைக் கண்டுபிடிக்கக் கூடுமானால், முதற் பட்டையை மட்டும் புதிய எஃகில் அடித்து, மற்றவற்றைச் சூடேற்றி மீட்டுப் புதுக்கிய ஸ்பிரிங், பஞ்சிகாவத்தையின் கறுப்பு ஸ்பிரிங்கை விட மேலானது என்பதே என் முடிவு. ஆலையில் செய்த ஸ்பிரிங்கின் மேற்பரப்பை எஃகுக் குண்டுமணிகளால் மோதி உறுதிப்படுத்துவார்கள். அது மட்டும் கைப்பட்டறையில் வாய்க்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் இரண்டு கட்சிகளின் வாதங்களைக் கவனிக்கலாம். புதிய சாமானே வேண்டும் என்பவர்கள், உயிர் சம்பந்தப்பட்ட உறுப்பில் சிக்கனம் கூடாது என்கிறார்கள். வாதம் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் மூலக் கம்பனி உற்பத்தியை நிறுத்தி அரை நூற்றாண்டு கழிந்தபின் ‘புதியது’ என்று விற்கப்படுவது யார் செய்தது, எந்த எஃகில் செய்தது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. மறு கட்சியினர், பழைய இங்கிலாந்து எஃகுக்கு ஈடில்லை, எழுபது வருஷம் உடையாதது இனியும் உடையாது என்கிறார்கள். எஃகு விஷயத்தில் இது பெரும் பிழை. பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் ஒரு பங்கு செலவாகிறது; எழுபது வருஷம் தாங்கியது என்பது அதன் வலிமைக்கு அத்தாட்சியாவதைப் போலவே, செலவான ஆயுளுக்கும் கணக்காகிறது. வளையாமல் நின்று பாரத்தைத் தாங்கும் உறுப்பு எப்படித் தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கும் அளவுகோலுக்கும் தெரியும். வளைந்து வளைந்து பணிபுரியும் உறுப்பு எவ்வளவு களைத்திருக்கிறது என்பது முறியும் வரையில் தெரிவதில்லை. பாவித்த சாமான் வாங்குவதைப் பற்றிய முழு விசாரணையும் இந்த ஒரு பேதத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அச்சுக் குழாய், ஷெக்கிள் தகடு, பின் கை, ஸ்பிரிங்கை ஏந்தும் கிண்ணம் ஆகியவற்றை அஞ்சாமல் பாவித்ததாக வாங்கலாம். ஸ்பிரிங்கைத் தக்க பரீட்சைக்குப் பிறகே வாங்கலாம். ரப்பரையும், திறந்து திருத்த முடியாத ஷொக் அப்சோபரையும் பாவித்ததாக வாங்கவே கூடாது.

ஷொக் அப்சோபரில் பழைய ஆங்கிலக் கார்களுடையது ஒரு தனி வர்க்கம். ஆம்ஸ்ட்ரோங் கம்பனியார் செய்த, கை நீட்டிய இரும்புப் பெட்டி போன்ற அது, திறந்து திருத்தக்கூடியது. நடு அச்சையும் அதன் துவாரத்தையும் லேத்தில் கடைந்து, புதிய ஒயில் சீல் இட்டு, தக்க எண்ணெய் ஊற்றினால் மறுபடியும் வேலை செய்யும். வாங்குமுன் அதை வைஸில் இறுக்கி, கையை மேலும் கீழும் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும்: எதிர்ப்பு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே சீராக இருந்தால் நலம், நடுவில் ஓரிடத்தில் வெறுமையாக விழுந்தால் எண்ணெய் குறைவு அல்லது வால்வு பழுது, அச்சு பக்கவாட்டில் அசைந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கசியும். ஒழுக்கை நிறுத்துவதற்காகக் கியர் எண்ணெயை ஊற்றி விற்பது வழக்கத்திலுள்ள தந்திரம். கொழும்பின் உஷ்ணத்தில் அது நன்றாகவே நடிக்கும். 6000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் தை மாத விடியற்காலையில் கெட்டியாகி, பின் அச்சு மரக்கட்டையில் கட்டியதுபோல் குதிக்கும்போதுதான் உண்மை வெளியாகும்.

ஜப்பானியக் கார்களின் குழாய் வடிவ ஷொக் அப்சோபர் திறப்பதற்கென்று செய்யப்பட்டதன்று. அதன் தலையை வெட்டி, எண்ணெய் மாற்றி, வெல்டிங் செய்து விற்பவர்கள் உண்டு. வெல்டிங்கின் சூட்டில் உள்ளே இருக்கும் சீல் அரைவாசி வெந்துபோவதால், அந்தப் புதுக்கல் சில வாரங்களுக்குத்தான் நிற்கிறது. அவ்வண்டிகளின் சுருள் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, கீழிருந்து முதற் சுற்றைப் பார்த்தால் போதும்: சேறும் நீரும் தேங்கி நிற்பது அங்கே, முறிவதும் அங்கே.

மினி காரும் வொக்ஸ்வாகனும் தத்தம் வழியில் விசேஷமானவை. 1959இல் வெளிவந்த மினியில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, அலெக்ஸ் மோல்டன் வகுத்த ரப்பர்க் கூம்பு வைக்கப்பட்டிருக்கிறது. ரப்பர் நாளடைவில் அமுங்கி வண்டி தாழ்ந்துவிடும் என்பதால், பாவித்த கூம்பை விலை கொடுத்து வாங்குவது பிறருடைய முதுமையை வாங்கிக்கொள்வதாகும். அதன் பின் கையை மட்டும் பாவித்ததாக வாங்கலாம். ஆனால் அதன் ஒரு பக்கத்தில் ஊசி உருளைத் தாங்கியும் மறு பக்கத்தில் வெண்கலப் புஷ்ஷும் இருப்பதால், கிறீஸ் இடாமல் ஓட்டப்பட்ட வண்டியில் நடு அச்சு வெட்டுப்பட்டிருக்கும். புதிய வெண்கலப் புஷ்ஷைப் போட்டபின் இரண்டு துவாரமும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு கடைந்தெடுக்கும் கருவியுள்ள லேத் பட்டறை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே பணத்தை எடுக்க வேண்டும்.

வொக்ஸ்வாகனின் பின்பாரத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பி. அதன் உள் நுனியில் 40 பற்களும் வெளி நுனியில் 44 பற்களும் இருக்கின்றன. ஒன்றை ஒரு பல் முன்னுக்கும் மற்றதை ஒரு பல் பின்னுக்கும் நகர்த்தினால், ஒரு பாகைக்கும் குறைவான நுட்பத்தோடு வண்டியின் உயரத்தைத் திருத்தலாம். எவ்வளவு நேர்த்தியான யோசனை! ஆனால் கம்பிகள் ஆலையிலேயே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கப்பட்டவை. நுனியில் இடம், வலம் என்பதற்கான எழுத்துக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். கும்பலில் கிடக்கும் கம்பியின் குறியைப் பாராமல் வாங்கி எதிர்ப்பக்கத்தில் பூட்டினால், அது எதிர்த்திசையில் முறுகி, பெரும்பாலும் ஒரு கொண்டை ஊசி வளைவில் முறியும்.

புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட் ஆகிய சில்லறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எப்பொழுதும் புதியன. ஒரு முறை இறுக்கி நீண்ட யூ போல்டைத் திரும்பவும் பூட்டுவது, வண்டியின் விலையையும் பிரயாணிகளின் உயிரையும் இரண்டு ஆணிகளில் தொங்கவிடுவதாகும். சேர்விஸ் நிலையங்களில் துருவுக்குப் பரிகாரமென்று அடித்தட்டு முழுவதும் கழிவு ஒயில் தெளிக்கும் வழக்கத்தை மட்டும் இங்கே கண்டிக்க விரும்புகிறேன். இரும்புக்கு அது செய்யும் உபகாரம் கொஞ்சம், ரப்பர் புஷ்களுக்குச் செய்யும் அபகாரம் அதிகம். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் பின் அச்சைத் திசை தவறாமல் பிடித்திருப்பது அந்தப் புஷ்தான். அது ஊறி இளகிவிட்டால், ஸ்டீயரிங் முன் சக்கரத்தைத் திருப்புகையில் பின் சக்கரமும் தன்னிச்சையாகச் சிறிது திரும்பும்; இறம்பொடை இறக்கத்தில் வண்டி ‘வாலாட்டுகிறது’ என்று சாரதிகள் சொல்வது இதையே.

இவற்றையெல்லாம் அரசாங்கம் பரீட்சித்துக்கொள்ளும் என்று எண்ணியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கு வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் பெற, 2008ஆம் ஆண்டில் தொடங்கிய புகைப் பரிசோதனையில் தேறினால் போதும். புகைக் குழாயை மோப்பம் பிடிக்கும் கருவிக்கு ஸ்பிரிங் முறிந்திருப்பது தெரியாது. இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டு முதல் பழைய கார்களுக்கு வருஷந்தோறும் நடக்கும் பரீட்சையில், காரைத் தூக்கிவைத்துக் கீழ்ப்புறத்தைப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அந்தக் கடமை வண்டிக்காரனையும் அவனுடைய பாஸையும் சேர்ந்தது.

வாங்கியதைப் பூட்டும்போது நேரும் ஒரு தவறு, நல்ல சாமானையும் கெடுத்துவிடுவதால், அதையும் கூறிவிடுகிறேன். ஜாக்கியில் வண்டி தூக்கப்பட்டு, ஸ்பிரிங் முழுவதும் தொங்கிய நிலையில் இருக்கும்போதே புஷ் போல்டுகளை இறுக்கிவிடுவது கராஜுகளில் சர்வசாதாரணம். வண்டி தரையில் இறங்கியதும் புதிய ரப்பர் அந்தக் கணமே முறுக்குண்டு நின்று, வெகு சீக்கிரத்தில் கிழிகிறது. போல்டுகளைக் கையால் மட்டும் கோத்துவிட்டு, சக்கரத்தைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பேரை ஏற்றி ஒரு முறை குலுக்கி, அதன் சொந்தப் பாரம் அமர்ந்தபின் இறுக்க வேண்டும். யூ போல்டுகளையும் அன்று இறுக்கியதோடு விட்டுவிடாமல், ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போய்வந்த மறுநாள், வண்டி குளிர்ந்திருக்கும் காலைவேளையில் ஸ்பானரை இட்டுப் பார்த்தால், அநேகமாக நான்கும் கால் சுற்றாவது திரும்பும்.